கோட்டைச்சாமி ஜீப் ஒர்க்ஷாப்

சிலமலை
20.9.1982

அன்பு மகள் வீரலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணனும் காளைகள் இரண்டும் குலசாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். பேரனுக்குப் பல் முளைத்த சேதி கிடைத்தது. இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய், இதைக் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள். முந்தல் போகிற சாலையில் நம்முடைய கல்லுக்காட்டில் ஜீப் ஒர்க்ஷாப் கட்டி முடித்துவிட்டோம். வண்டி நிறுத்தத் தகரக் கொட்டகை, அடியில் நின்று ரிப்பேர் பார்க்கக் குழி, சாமான் வைக்க ஓர் அறை, எல்லாம் நாமே கட்டியது, கூலிக்கு ஒரு ஆள் வைக்கவில்லை.

மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்காமல் ஜீப் பாறையில் மோதி என் கால் ஒடிந்த நாளிலிருந்து உன் அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. அன்று காலை அந்தப் பிரேக்கைப் பூட்டியவனும் அவன், ஓட்டியவனும் அவன். இரண்டு வருஷமாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, ஜீப் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தான். என் கால் நொண்டியதைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆனி மாதம் ஜீப் ஓட்டுகிற கன்னையன் வந்து, "மாமா, ஒங்க மகன் கோட்டை கை வைக்காம எங்க வண்டியெல்லாம் தேனியில போயி நாலு நாளு கெடக்கு, நீங்க எடம் குடுங்க, நாங்க எல்லாரும் சேந்து கட்டித் தர்றோம்" என்றான். உன் அண்ணனோ, "செவரு வேணா வைக்கிறேன்ப்பா, அதுக்கு மேல ஒரு சோலியும் சொல்லாதீக" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான். சரி, சுவராவது வைக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன், நான் வாயை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

அதன் பிறகு மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஜீப்பும் நம் காட்டோரம் நின்று நாலு கல்லை இறக்கிவிட்டுத்தான் போடிக்குப் போனது. பொட்டிபுரத்துக் கொத்தனார் சோணை, உன் அம்மாவுக்கு அண்ணன் முறை, அவன் நூல் பிடிக்க உன் அண்ணன் கல் எடுத்துக் கொடுக்க உன் அம்மா மண் குழைக்க, நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் ஏசினேன். குழி விஷயத்தில் மட்டும் ஒரு கோளாறு ஆகிவிட்டது. சோணை அகலம் கேட்டான், நான் நம் கட்டைவண்டியை அளந்து சொல்லிவிட்டேன். ஜீப்புக்குச் சக்கர இடைவெளி குறைவு என்பது யாருக்கும் தோன்றவில்லை, ஆள் உயரம் வெட்டி முடித்த பிறகு உன் அண்ணன் வந்து பார்த்தான், "இதுல ஜீப்ப விட்டா நாலு சக்கரமும் உள்ள போயிரும், மண்ணப் போட்டு மூடிற வேண்டியதுதான்" என்று சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அதற்காக இன்னும் நாலு குழியைத் தப்பாக வெட்டலாம். சிரித்தவன் தானே இறங்கி இரண்டு பக்கமும் கல் வைத்துக் குறுக்கினான். தகரம் போட்ட அன்று ஆடிக் காற்று ஒரு தகரத்தைப் பிடுங்கிப் பக்கத்துச் சோளக்காட்டில் வீசிவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து இறங்கிய பெண்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓடிவந்து, ஆணி அடித்து முடிகிற வரை உன் அம்மாவோடு சேர்ந்து தகரத்தைக் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள்.

ஆவணி வளர்பிறையில் பால் காய்ச்சினோம். கன்னையன் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஜீப்பை உள்ளே விட்டு, "மாப்ளே, பிரேக்கு சரியில்ல" என்றான், வேண்டுமென்றேதான் அந்த வண்டியைக் கொண்டுவந்திருக்கிறான். எல்லோரும் உன் அண்ணனையே பார்த்தார்கள். அவன் சட்டையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினான். உன் அம்மா அந்தச் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மத்தியானம் வரை பார்த்தான், பூட்டியதை மூன்று தடவை கழற்றித் திரும்பப் பூட்டினான். மேலே வந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போ என்றேன். வேறு யாரையாவது கூட்டிப் போகிறேன் என்றான், நான் விடவில்லை. மேலே போய்த் திரும்பி இறங்கும்போது அதே வளைவில் மிதிடா என்றேன். பயம் இருந்தது ஆத்தா, பொய் சொல்ல மாட்டேன், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மிதித்தான். ஒரு சாண்கூடச் சறுக்காமல் வண்டி நின்றது. என் நொண்டிக் காலில் கையை வைத்துக்கொண்டு அழுதான், நானும் அழுதேன், பிறகு சோறு ஆறிப்போகும் வெரசா போ என்றேன். இன்றைக்கு ஆறு ஜீப் வரிசையில் நிற்கிறது. உன் அண்ணன் பெயரைத்தான் பலகையில் எழுதியிருக்கிறோம்.

இனி உன்னிடம் ஒன்று. கால் ஒடிந்த மாதம் நீ ஆத்திரத்தில் ஒரு கடிதம் எழுதினாய், இனி அவன் எனக்கு அண்ணனே இல்லை, இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று. நான் காட்டவில்லை. பெட்டிக்குள் வைத்திருந்ததைப் பால் காய்ச்சிய அடுப்பில் போட்டுவிட்டேன். முதலில் குடித்தன வேலை, பிறகு பிள்ளை வளர்க்கிற வேலை, உனக்கு எழுத நேரமில்லை என்றுதான் அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான், அதனால் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, சும்மா இரண்டு வரி அவன் பெயருக்கு எழுது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேரனுக்கு அம்மாவின் முத்தம், நீ தீர்க்காயுசாக இரு. பேரனைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதே. பொங்கலுக்கு வரும்போது போடி ரயிலடிக்கு உன் அண்ணன்தான் ஜீப் கொண்டுவருவான், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
பெரியகருப்பன்