மேற்கு வெயிலுக்கு ஒரு மரம்

நேற்று முன்தினம் நீதிமன்றச் சொத்து அறையில் கையொப்பமிட்டு உன் அரிவாளைப் பெற்றுக்கொண்டேன். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணலால் கட்டி, அரக்கு வைத்திருந்தார்கள். பிடியில் ஓர் அட்டை தொங்கியது: சான்றுப் பொருள் ஒன்று. அலுவலக மேசைமீது வைத்துப் பிரித்தபோது துரு மணந்தது. துருவின் மணத்துக்கும் காய்ந்த இரத்தத்தின் மணத்துக்கும் வேறுபாடு உண்டா என்று இத்தனை ஆண்டுகள் வழக்காடியும் எனக்குத் தெரியாது. ஆகவே துரு என்றே எழுதுகிறேன்.

வழக்கு முடிந்துவிட்டது. உன் அண்ணன் விடுதலை பெற்றுவிட்டார். வெட்டுப்பட்டவன் நீ, சாட்சி சொல்ல நீ இல்லை. உன் மனைவி கூண்டிலேறி, "எனக்கு இதுக்கு மேல வேண்டாங்க" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அரிவாள் உன்னுடையது, ஆகையால் சட்டப்படி அது அவரிடம் சேர வேண்டும்.

இந்தச் செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டார்: "வரும்போது எடுத்துட்டு வாங்கண்ணே. அந்தக் குழி அப்படியே கெடக்குது. அதுல மரம் வெக்கிறதா, கொடி விடுறதா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அதே கேள்விக்கு நான் இரண்டாம் முறை விடை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டிய வேறொன்றும் இருந்தது. நீ போன நாளிலிருந்து மூன்று ஆண்டுகளாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதல் முறை கேட்டவன் நீ. மஸ்கட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, நீடாமங்கலத்துக்குத் தெற்கே நம் ஊரில், பாகம் பிரித்துக் கிடைத்த மனையில் வீடு கட்டியிருந்தாய். மேற்குப் பார்த்த வீடு. மாலை வெயில் கூடத்துச் சுவரை அறைந்துகொண்டிருந்தது. "கைய வெச்சுப் பாரு, தோசை ஊத்தலாம்" என்றாய். மரமா, கொடியா என்பதுதான் கேள்வி. நான் என் வழக்கப்படி முழுநீளத் தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். மரத்தின் பக்கம் எழுதினேன்: வேர் சுவரைத் தேடும், கிளை எல்லையைத் தாண்டும், நட்டவன் சொல்வதைக் கேட்காது. கொடியின் பக்கம் எழுதினேன்: இரண்டு மழையில் பந்தலை மூடும், பந்தல்கால் மூன்று ஆண்டில் மக்கும், பாம்பு வரலாம், வேண்டாத அன்று அறுத்துவிடலாம். எச்சரிக்கையுள்ளவன் கொடியைத் தேர்வான் என்று அடியில் முடிவுரையும் எழுதினேன்.

நீ படித்துவிட்டுச் சிரித்தாய். "கொடி எதையாவது புடிச்சுக்கிட்டுத்தான்டா நிக்கும். பன்னண்டு வருஷம் நானும் அப்படித்தான் நின்னேன். இனிமே தானா நிக்கிற ஒண்ணு வேணும்." தூங்குமூஞ்சி மரக் கன்றை நட்டாய். "உன் ஞாபகமாத்தான் இந்த மரம். நீயும் மத்தியானம் கோர்ட்டுல தூங்குற ஆளுதானே" என்றாய்.

அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நெல்லுக்கு நிழல் ஆகாது. நம் பக்கத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். வயலை ஒட்டிக் குடைபோல் விரியும் மரத்தை யாரும் வைப்பதில்லை. உன் வேலிக்கு மேற்கே இருந்தது உன் அண்ணனின் நாற்றங்கால். சுவரையும் வேரையும் சிந்தித்த நான், காலை வெயிலில் அதன் நிழல் எங்கே போய் விழும் என்று எண்ணவில்லை.

ஆறே ஆண்டில் மரம் கூரைக்கு மேல் கவிந்தது. மேற்குக் கிளை வேலியைத் தாண்டிப் போய் நாற்றங்காலின்மேல் படுத்துக்கொண்டது. நிழல் விழுந்த பாதி நாற்று வெளுத்து, நூலாக நீண்டு சாய்ந்தது. அண்ணன் முதலில் தன்மையாகத்தான் கேட்டார்.

"தம்பி, அந்த மேக்குக் கிளைய மட்டும் எடுத்துடு."

"மரம் என் எடத்துல நிக்குது. எடுக்க முடியாது."

"மரம் உன் எடத்துல, நெழலு என் எடத்துல. உன் நெழல நீ சுருட்டி வெச்சுக்க."

அடுத்த ஆடியில் அவர் கேட்க வரவில்லை. வேலியை மிதித்துக்கொண்டு வந்தார். தேங்காய் மட்டை வெட்டும் கட்டையில் நீ கொத்தி வைத்திருந்த அரிவாளைப் பிடுங்கி, கிளையின் அடியில் மூன்று வெட்டு வெட்டினார். நான்காவதைத் தடுக்க நீ கையை நீட்டினாய். முழங்கைக்குக் கீழே சதை இரண்டாகப் பிளந்து எலும்பு தெரிந்தது. நீ மறு கையால் மண்வெட்டியை எடுத்து, அதன் பிடி முறியும்வரை அவர் தோளில் அடித்தாய். நான் வந்து சேர்ந்தபோது அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு இரத்தம் தெறித்திருந்தது, ஈ மொய்த்தது. அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தபடி இருவரும் தாயை இழுத்துத் திட்டிக்கொண்டீர்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானங்க, யாரத் திட்டுறீங்க?" என்று செவிலியர் கேட்ட பிறகுதான் ஓய்ந்தீர்கள்.

அரிவாள் காவல் நிலையத்துக்குப் போனது. நான் உனக்காக உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனேன். வழக்கு முடியும்வரை இரு தரப்பும் மரத்தைத் தொடக்கூடாது என்று இடைக்கால ஆணை கிடைத்தது. நீ அதை நகலெடுத்து மரத்திலேயே ஆணியடித்து மாட்டினாய்.

ஐப்பசியில் நீ என் அலுவலகத்துக்கு வந்ததை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மூன்று வெட்டுக்காயத்திலும் மழைநீர் இறங்கி உளுத்துவிட்டது, காற்றடித்தால் கிளை முனகுகிறது என்றாய். "பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. மேக்குக் கிளைய மட்டும் நானே கழிச்சிடுறேன்டா. நாத்தும் பொழைக்கட்டும்."

அந்தக் கடைசிச் சொற்களில் உன் கோபம் தணிந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். நான் வழக்கைக் கவனித்தேன். கழிக்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்கு இரண்டு பக்க இடைமனு போதும். ஆனால் அம்மனுவில் கிளை ஆபத்தானது என்று நாமே எழுதியாக வேண்டும். எதிர்த் தரப்பு சொல்லிவந்ததும் அதைத்தான். "நம் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். தை மாதம் விசாரணை. அதுவரை ஓர் இலையைக்கூடத் தொடாதே. தடை உன்னையும் கட்டும்" என்றேன்.

"சரிடா, நீ சொன்னா சரி" என்று எழுந்தாய். கையிலிருந்த தழும்பை மறு கையால் தேய்த்துக்கொண்டே படியிறங்கினாய்.

கார்த்திகை பிறந்த மறு வாரம் புயல் வந்தது. விடியும் நேரத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஏறிய காற்று, தென்னைகளின் கழுத்தைத் திருகி எறிந்தது; ஓடுகளை வாரி வயலில் விசிறியது; மின்கம்பங்களை மடக்கிச் சாலையில் அறைந்தது. உன் மரத்தின் மேற்குக் கிளை முழுக் காற்றையும் வாங்கியது. அப்போது நீ அதன் அடியில் கட்டியிருந்த கன்றை அவிழ்க்க ஓடினாய். கயிற்றை அவிழ்த்தும் விட்டாய். கன்று பிழைத்துக்கொண்டது. உளுத்த இடம் வெடித்துக் கிளை சரிய, அதன் பாரம் மரத்தையே வேரோடு பிடுங்கி உன்மேல் சாய்த்தது.

விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் நடந்தே வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது இருக்கும். உன் அண்ணன் மரத்தின்மேல் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். நீ அடித்துச் சாய்த்த அதே தோளால்தான் வெட்டினார். உள்ளங்கை கிழிந்து, அவருடைய அரிவாளின் பிடி வழுக்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் மரத்தைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"வாய்யா வக்கீலே. ஸ்டே இருக்கே, வெட்டலாமா? கோர்ட்டு கோச்சுக்குமா?"

வெட்டிய கிளைகளை இழுத்துப் போட்டேன். கடைசிக் கிளையைப் புரட்டியபோது உன் மார்பு இருந்த இடம் மண்ணுக்குள் அமிழ்ந்திருந்தது. பக்கத்தில் சேற்றில், ஆணியோடு கிடந்தது நான் வாங்கித் தந்த ஆணை.

நேற்று அரிவாளோடு போனேன். உன் மனைவி, மரம் வேரோடு பெயர்ந்த குழியின் கரையில் நின்று பேசினார். மரமா கொடியா என்று மறுபடியும் கேட்டார். முதலில் மற்றதைச் சொன்னேன்: நீ கிளையைக் கழிக்கக் கேட்டது, நான் மறுத்தது, ஏன் மறுத்தேன் என்பது. தேர்ந்த சொற்களில் அல்ல, வந்த சொற்களில் சொன்னேன்.

அவர் முந்தானையால் அரிவாளின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியும்ண்ணே" என்றார். "அன்னைக்கு வந்து என்கிட்டயும் சொன்னாங்க. யாரு பாக்கப் போறா, நீங்க வெட்டுங்கன்னு நான் சண்டை போட்டேன். 'அவன் வேணாம்னுட்டான், நான் மாட்டேன்'னுட்டாங்க."

அதற்குமேல் அவர் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. குழியைப் பார்த்தபடி, "எது வெச்சாலும் சரின்னு இவங்க அண்ணனும் சொல்லிட்டாங்க. நான் கொடியே விடுறேன். பந்தக்காலுக்குப் பூவரசம் போத்து நடலாம்னு இருக்கேன்" என்றார்.

என் புத்தி போகும் வழியிலேயே போயிற்று. "பூவரசங்கிளையை வெட்டிப் பச்சையாகப் போத்து நட்டால் துளிர்க்கும். பந்தல்கால் என்று நட்டது நாளைக்கு மரமாகிவிடும்" என்றேன்.

"ஆவட்டும். நெழலு வேணும்தானே." அரிவாளைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். "இத நீங்க வெச்சுக்கங்க. ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னாடியும் வந்து, வேலிக்கு அந்தாண்ட போற கிளையெல்லாம் கழிச்சு விட்டுட்டுப் போங்க. நான் கூப்புட மாட்டேன். நீங்களா வரணும்."

சரி என்றேன். உன்னைப்போல ஒரே சொல்லில், காரணம் கேட்காமல்.

அரிவாள் இப்போது சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போத்து இன்னும் நடவில்லை. கழிப்பதற்கு ஓர் இலைகூட இல்லை. ஆயினும் இன்று காலை நீதிமன்றம் போகும் வழியில் பட்டறையில் நிறுத்திச் சாணை பிடித்துக்கொண்டேன். "அட்டைய அறுத்துடவா சார்?" என்று பட்டறைக்காரர் கேட்டார். அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.