குடோனில் கிடந்த நூல்

மதினி,

காலையில் போர்வைகளை ஊறவைத்துத் துவைத்துவிட்டு எழுந்தேன். உள்ளங்கை இரண்டும் சுருங்கி வெளுத்து, அச்சு அசல் உங்கள் கையாக இருந்தன. கை காய்கிறவரை வேறு வேலை ஓடவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தெருவின் தறிச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

உங்கள் கை சுருங்கத் தண்ணீரே வேண்டாம், எப்போதும் அப்படித்தான். கட்டைவிரலை வளைத்தால் மணிக்கட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். “கல்யாணத்துல எங்க அண்ணன் பிடிச்சது கையா, கொழுக்கட்டை மாவா?” என்று கேட்டதற்கு என் தலையில் குட்டினீர்கள். குட்டிய விரல்தான் பிசகியது.

நீங்கள் முழுகாமல் இருந்தபோது மதுரைக்குப் போனோம். ரத்தத்தை எங்கோ அனுப்பிப் பார்த்த டாக்டர், “துத்தநாகம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலம்மா” என்றார். எனக்கு ‘நாகம்’ மட்டும்தான் காதில் விழுந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்களைக் கோவிலுக்கு இழுத்துப்போய், நாகர் உருவத் தகடு வாங்கி உண்டியலில் போடவைத்தேன்.

போட்ட பிறகுதான் சிரித்தீர்கள். “ஏட்டி, அது பாம்பு இல்லட்டி. தகர வாளிக்குப் பூசுதாங்கல்ல, அந்தத் துத்தநாகம்.”

“அப்போ மாத்திரையா வாங்கித் திங்க வேண்டியதுதான மதினி?”

“உடம்புல இருக்கத்தான் செய்யுது. குடோன்ல நூல் கெடக்கு, தறிக்கு வந்து சேரல. அதான் தோலையும் மூட்டையும் கட்டுத நாரு முறுக்கேறல. இன்னும் வாங்கிக் குடோன்ல அடுக்கி என்ன செய்ய?”

சொல்லிவிட்டு வயிற்றைத் தடவினீர்கள். சிரிப்பு நின்றுபோனது. அப்பா வழியிலும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனோ உங்கள் சொந்த மாமன் மகன்.

பெண் பிறந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். “நீயே கைய விரிச்சுப் பாத்துச் சொல்லுட்டி.” விரித்தேன். பிறந்த பிள்ளை கை சுருங்கித்தானே இருக்கும், எனக்கு என்ன தெரியும்? “எங்க அண்ணன் கையேதான் மதினி, முரட்டுக் கை” என்று அடித்துச் சொன்னேன். மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத நீங்கள் அன்று தூங்கினீர்கள். சன்னல் வெயில் நெற்றியில் ஏறியும் விழிக்கவில்லை.

பிள்ளை தவழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டீர்கள். நான் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியாத நாள் அது.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பாள். “நசுக்காதட்டி, எலும்பு நொறுங்குது” என்று கத்துவேன். விட்டுவிடுவாளோ என்று பயந்து, மெதுவாகத்தான் கத்துவேன்.