கண்ணாடி இலை வெட்டிய வரிசை

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அவருடைய தையல் மிஷினும் இங்கே நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பை ஒழுங்காக வைத்திருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில்தான் இது, பொறுமையாகப் படி.

நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு இலை அளக்கிற வேலை என்று உனக்குத் தெரியும். கதிர் வருவதற்கு முன் கடைசியாக விரிகிற இலையைக் கண்ணாடி இலை என்போம். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், நிமிர்ந்து நிற்கிறதா சாய்கிறதா, எத்தனை நாள் பச்சை மாறாமல் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மணிக்குள் பால் பிடிப்பதில் பெரும்பங்கு அதுவும் அதற்குக் கீழே உள்ள ஓரிரண்டு இலைகளும் வெயிலில் நின்று செய்கிற வேலை. பதினோரு வருடமாக அளக்கிறேன், இன்னும் எனக்கு மலைப்பு தீரவில்லை. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத ஒரு பச்சைத் துண்டு, சத்தமே இல்லாமல் நம் எல்லோருக்கும் சோறு ஆக்குகிறது.

சில வரிசைகளில் அந்த இலையை வெட்டிவிட்டு, விளைச்சல் எவ்வளவு குறைகிறது என்றும் பார்ப்போம். போன பருவம் வரை சிவப்பு நூல் கட்டிய வரிசையை வெட்ட வேண்டும். இந்தப் பருவம் எங்கள் விஞ்ஞானி டாக்டரம்மா அதை மாற்றி, சிவப்பு நூல் இருந்தால் கை வைக்காதே என்று சொல்லியிருந்தார். நான் பழைய பழக்கத்தில் ஏதோ நினைப்பில் வெட்டிவிட்டேன். அது அவர் ஆறு வருடமாக ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம், மொத்தமே இருபது செடி, வேறு விதை கிடையாது. கடைசிச் செடிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரும் பார்க்கவில்லை, நூலை அவிழ்த்துப் பக்கத்து வரிசையில் கட்டிவிட்டால் முடிந்தது என்று ஒரு நிமிடம் நினைத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனாலும் போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை, போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார், அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் உங்கப்பா, "துணிய மாத்தி வெட்டினா ஒட்டுப் போடலாம், இலைக்கு எங்க போடுவ?" என்கிறார். இந்த மனிதருக்குச் சமய சந்தர்ப்பமே தெரியாது.

அதற்கப்புறம் தினமும் காலையில் வேலைக்கு முன்னால் அந்த வரிசையைப் போய்ப் பார்ப்பேன். மற்ற வெட்டிய வரிசைகளில் கீழ் இலைகள் பழுத்துக்கொண்டே வந்தன. இதில் இரண்டாம் இலையும் மூன்றாம் இலையும் கரும்பச்சையாக, குத்திட்டு நின்றன. கதிர் தலை சாய்ந்த பிறகும் பச்சை போகவில்லை. போன வாரம் அறுத்து, கையாலேயே உதிர்த்து எண்ணினோம். மற்றவற்றில் நிறையப் பதர், இதில் நூற்றுக்கு எண்பது நல்ல மணி. டாக்டரம்மா இரண்டு தடவை எண்ணச் சொன்னார். பிறகு, "ஒரு பருவத்த வச்சு எதையும் சொல்ல முடியாது, அடுத்த தடவ நீங்களே வெட்டுங்க, தெரிஞ்சே வெட்டுங்க" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதையும் கேள். நான் நூலை மாற்றிக் கட்டியிருந்தால், பக்கத்து வரிசையைத்தான் புது ரகம் என்று எண்ணி, இந்த வரிசையின் மணியை ஏதோ சாதாரண ரகத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். இலையை இழந்துவிட்டும் இவ்வளவு நிறைத்தது அவருடைய ரகம்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

தீர்க்காயுசாக இரு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. கண்ணாடியின் பவரை மறக்காமல் பரிசோதித்துக்கொள். போனில் "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று நீ இழுக்கிற குரலை நான் பெற்ற நாளிலிருந்து கேட்கிறேன். அங்கே வேலையில் என்ன ஆயிற்று என்று எழுது. முதலில் திட்டுவேன், பிறகு நீ சொல்வதை முழுதாகக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா