மூன்று எண்ணும் நேரம்

கியோத்தோ
14 செப்டம்பர் 2008

அன்புள்ள தொகுஜி,

செப்டம்பர் பாதி ஆகியும் வெயில் இறங்கியபாடில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்புவதைக்கூட நிறுத்திவிட்டாய். கோபமா, சோம்பலா தெரியவில்லை. சோம்பல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் 'மூன்றாம் கணவாய்' வாள்சண்டைத் தொடர் நின்று பதினாறு வருஷம் ஆகிறது. கடைசியாக அதை ஒரு இரண்டு மணி நேரப் படமாக எடுக்கிறார்கள். புத்தாண்டு அன்று டிவியில் வரும். அதோடு நானும் வாளைக் கீழே வைத்துவிடுவேன். இயக்குநர் நாகாதானி என்றொரு பெண். கெட்டிக்காரி, ஆனால் முகத்தில் சிரிப்பே கிடையாது. "கடைசிச் சண்டைக்கு வில்லனா யார் வேணும் சார்?" என்று கேட்டாள். யோசிக்காமல் உன் பெயரைச் சொன்னேன்.

உஸுமசா ஸ்டுடியோவில் எத்தனையோ பேர் என் வாளுக்குச் செத்திருக்கிறார்கள். உன்னைப் போல் செத்தவன் யார்? இந்த முறை நீ கூட்டத்தில் ஒருவன் இல்லை. பெயர்ப் பட்டியலில் கடைசிப் பெயர் உன்னுடையது, திரையில் தனியாக. அந்த இடம் யாருக்குக் கிடைக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பெயர் நாயகனுக்கு, கடைசிப் பெயர் ஜாம்பவானுக்கு.

இன்னும் ஒரே ஒரு தடவை எனக்காக விழு.

உன் பழைய அறைத் தோழன்,
இனுயி செய்கோரோ

*

கமெயோகா
22 செப்டம்பர் 2008

மசாகிச்சிக்கு,

செய்கோரோ என்று உன்னை ஊர் கூப்பிடட்டும். ஒரே போர்வைக்குள் உன்னோடு குளிரில் நடுங்கியவனுக்கு நீ மசாகிச்சிதான்.

முதுகைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. குனிந்து காலுறை போட முடியவில்லை. இருபத்தாறு வருஷம் வாரா வாரம் உன் கையால் செத்ததன் பலன். ஒரே அத்தியாயத்தில் மூன்று தடவை செத்ததும் உண்டு, மீசையோடு ஒரு தடவை, மீசையில்லாமல் ஒரு தடவை, முகமூடியோடு ஒரு தடவை.

என் மௌனத்துக்குச் சோம்பல் என்று பெயர் வைத்தாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. 1966 பிப்ரவரி உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. துணை நடிகர்களின் பெரிய அறையில் நாற்பது பேர். அதிலிருந்து 'மூன்றாம் கணவாய்' நாயகன் வேடத்துக்கு நீயும் நானும் மட்டும் மிஞ்சினோம். இயக்குநர் ஓமுரோ, "மாத்தி மாத்தி வெட்டிக் காட்டுங்கடா, பாக்கலாம்" என்றார். முதலில் நீ வெட்டினாய். நான் பாயில் இடது கால் நுனியில் நின்று, முதுகை வில்லாக வளைத்து, கடைசி மூச்சை விட்டுவிட்டு விழுந்தேன். ஓமுரோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

பிறகு நான் வெட்டினேன். நீ அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் நின்றாய். அப்புறம் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி மெதுவாகக் கீழே உட்கார்ந்தாய்.

"என்னடா தொகுஜி, ஈ ஓட்டுறியா?" என்றார் ஓமுரோ. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வேடம் உனக்குப் போனது.

மூங்கில் பட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய வாள். அது தயிரைக்கூட வெட்டாது. விழுகிறவன் விழுந்தால்தான் வெட்டினவனுக்கு வீரம். இது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம், "பாய் ஈரம்டா, வழுக்குமோன்னு கால் தயங்கிருச்சு" என்று சொல்லி எனக்கு ஊதோன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாய். நான் அதைச் சாப்பிட்டேன். சாப்பிட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. கடைசிச் சண்டையில் நான் வெட்டுவேன், நீ விழ வேண்டும். நாடு முழுக்கப் பார்க்க, என் வாளுக்கு நீ விழ வேண்டும். முடியாது என்றால் வேறு ஆளைப் பார்.

நெமோத்தோ தொகுஜி

*

கியோத்தோ
5 அக்டோபர் 2008

அன்புள்ள தொகுஜி,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே போட்டுவைத்திருந்தேன். நாற்பத்திரண்டு வருஷமாகவா இதை மனசில் வைத்துக்கொண்டிருந்தாய்? பாய் உண்மையிலேயே ஈரமாகத்தான் இருந்தது. முந்தின காட்சிக்கு மழை பெய்ய வைத்தார்களே, மறந்துவிட்டாயா? வழுக்குமோ என்று என் கால் தயங்கியது, அவ்வளவுதான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் இருபத்தாறு வருஷம் என் தொடரில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்திருப்பேனா?

ஆனாலும் உன் நிபந்தனையை எடுத்துக்கொண்டு போனேன். தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் தோக்காத ஆளு, கடைசி நாள்ல செத்தா ஜனங்க டிவிய உடைச்சுருவாங்க சார்!" நாகாதானிதான் குறுக்கே வந்தாள். "உடைக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

ஆக, நான் சாகிறேன். போதுமா? தோட்டத்தில் மெத்தையைப் போட்டு விழுந்து பழகுகிறேன். என் மனைவி ஜன்னலில் நின்று சிரிக்கிறாள். முழங்கால் கெஞ்சுகிறது. நாள் குறித்தாயிற்று. நவம்பர் 17 ஒத்திகை, 18 படப்பிடிப்பு.

உன்,
செய்கோரோ

*

கமெயோகா
11 அக்டோபர் 2008

மசாகிச்சிக்கு,

போதுமா என்று கேட்டாய். விழுந்த பிறகு சொல்கிறேன்.

வேலை இவ்வளவுதான். முழங்காலுக்குப் பட்டை கட்டு. தாடையை நெஞ்சோடு ஒட்டிவை, இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். என் வாளைப் பார்க்காதே, என் கண்ணைப் பார். வெட்டு வந்த கணமே விழு. எண்ணாதே.

உன் முகத்தை நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்ப்பேன். நீ மண்ணில் கிடப்பதைக் குனியாமல், நின்றபடி பார்ப்பேன். இருபத்தாறு வருஷம் நான் கீழே கிடந்து பார்த்தது உன் செருப்பைத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முதுகுக்கு ஆகாது, கையைத் தூக்கக்கூடாது என்கிறார் வைத்தியர். தினமும் ஐந்நூறு தடவை தூக்குகிறேன்.

தொகுஜி

*

கியோத்தோ
20 நவம்பர் 2008

தொகுஜி,

ஏன் அப்படிச் செய்தாய்?

சேறும் சகதியுமான முற்றத்தில் ஒத்திகை முடிந்தபோது எல்லாம் சரியாகத்தானே இருந்தது? இராத்திரி பெய்த மழையில் மண் குழம்பாகக் கிடந்தும் நான் தயங்கினேனா? நீ வெட்டின கணமே விழுந்தேன். சின்னப் பையன்கள் கைதட்டினார்கள். ஒப்பனைக்காரி அழுதுவிட்டாள். நீ மட்டும் என் கால் பதிந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாய். பெருமையோடு பார்க்கிறாய் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

மறுநாள் கேமரா ஓடுகிறது. நீ வாளை ஓங்கினாய். நான் உன் கண்ணைப் பார்த்தேன், நீ சொல்லிக்கொடுத்தபடியே. நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு வாளைத் தாழ்த்தி, ரத்தமே படாத வாளை நிதானமாகத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாய். வாசலைத் தாண்டிப் போய்விட்டாய். காட்சி முடிந்ததும் உனக்குக் கொடுக்க வாங்கின பூங்கொத்து வாளியிலேயே கிடந்தது.

நாகாதானி நிறுத்தச் சொல்லவில்லை. நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. "இன்னொரு தடவை எடுக்கலாம்" என்று கெஞ்சினேன். "வேணாம் சார். இதுதான் முடிவு. இத இனிமே யாராலயும் நடிக்க முடியாது" என்றாள். வெட்டக்கூட லாயக்கில்லாதவன் என்று எதிரியே விட்டுப்போன கிழவனாகத்தான் நாடு என்னைக் கடைசியாகப் பார்க்கப்போகிறது.

நீ கேட்டதைத்தானே கொடுத்தேன்? பிறகு ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

செய்கோரோ

*

கமெயோகா
27 நவம்பர் 2008

மசாகிச்சிக்கு,

எடுத்துக்கொள்ளத்தான் வந்தேன். பிப்ரவரி 1966-ஐப் பற்றி என் மனசின் ஒரு மூலையில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஒருவேளை பாய் ஈரமாகவே இருந்திருந்தால்? ஒருவேளை இவன் கால் தயங்கியே இருந்தால்? நல்ல நண்பனை வீணாகச் சபித்துக்கொண்டிருக்கிறேனோ என்று சில நாள் எனக்கே அழுகை வரும். உன்னை வெட்டிவிட்டு, கைகொடுத்துத் தூக்கிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

ஒத்திகையில் நீ விழுந்தாய். இடது கால் நுனி, வில்லாக முதுகு, கடைசி மூச்சு. இருபத்தைந்து வயதில் நாம் இருவரும் சேர்ந்து பழகின அதே விழுதல். தரை அன்றைய பாயைவிடப் பத்து மடங்கு ஈரம். உனக்கு வயது அறுபத்தேழு, முழங்காலில் பலமில்லை. உன் கால் தயங்கவில்லை, மசாகிச்சி.

கைதட்டல் கேட்டதும் இன்னொன்றும் புரிந்தது. நாளைக்கும் இவன் இப்படியே விழுவான். நாடு அழும். நான் வெட்டியதை யாரும் பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு விழாமல் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். இனி விழுந்து மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தாய். அதனால்தான் விழவிடவில்லை.

கடைசி இடத்தில் என் பெயர் அப்படியே இருக்கட்டும், எடுக்கச் சொல்லாதே. நீ நிற்பதைப் பார்த்த கண்ணோடு ஜனங்கள் அதைப் படிக்கட்டும்.

பதில் எழுத வேண்டாம். அன்று நீ மூன்று எண்ணினாய். புத்தாண்டு அன்று நான் டிவி முன்னால் உட்கார்ந்து, நீ எத்தனை எண்ணும் வரை நின்றாய் என்று எண்ணிக்கொள்கிறேன்.

தொகுஜி