திறக்காத கடிதங்களின் கணக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய செலவு முன்பக்கத்தில் எழுதியாயிற்று. நோட்டின் பின்பக்கக் கணக்கு: திறக்காத கடிதம் ஏழு.

இன்று ஒரு அதிசயம் பார்த்தேன். நூலகப் புத்தகத்துக்குத் தவணை நீட்டிக்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எதையோ தவறி அழுத்திவிட்டேன். பிரவுசர் ஒரு பட்டியலை விரித்தது. நான் இதுவரை கணக்குத் தொடங்கிய இடமெல்லாம் வரிசையாக, முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கறுப்புப் புள்ளிகள், அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம். கண்ணைத் தொட்டேன். புள்ளிகள் விலகி, என் பாஸ்வேர்டு அப்படியே வந்து நின்றது. நான் மனதுக்குள் வைத்திருக்கும் பிரார்த்தனைச் சொல், எழுத்து எழுத்தாக, வெளிச்சத்தில். என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

கையை இறக்கிய பிறகுதான் உறைத்தது. நீ யார் என்று அது என்னைக் கேட்கவே இல்லையே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சேமிக்கவான்னு கேட்டுச்சு, சரின்னோம். ஒவ்வொரு தடவையும் யாரு டைப் பண்றது?" என்றார். "உன் கடவுளுக்குக்கூடத்தான் எல்லாம் தெரியும். அவர்கிட்ட பயப்படுறியா?"

"அவர் கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட மாட்டார்."

சிரித்துக்கொண்டே செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

நாத்தனாருக்கு மூன்றாவது தடவை டீ சுடவைத்துக் கொடுத்தேன். ஆறிவிட்டதாம்.

மார்ச் 5, புதன்

வியாழக்கிழமைப் பிரார்த்தனைக்கு இன்று கடிதங்களைத் திறந்தேன். நாலு வருடமாக இது என் பொறுப்பு. ஊரில் யார் யாரோ எங்கள் குழுவின் மெயிலுக்குத் தங்கள் கஷ்டத்தை எழுதுகிறார்கள். படிப்பவள் நான் ஒருத்திதான். பெயரைச் சொல்லாமல், விஷயத்தை மட்டும் மற்ற ஒன்பது பேருக்கும் சொல்வேன். கடவுளுக்கு முன்னால் வாக்குக் கொடுத்து ஏற்றுக்கொண்ட வேலை.

எட்டாவதோடு நின்றவள். வீடியோ பார்த்தும் நூலகப் புத்தகம் படித்தும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். என்னை நம்பி இத்தனை பேர் எழுதுவது இன்றும் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மெயிலுக்கு மட்டும் பிரவுசர் தானாக நிரப்பித் தரும் பாஸ்வேர்டை அழித்துவிட்டு நானே அடிப்பேன். பிரார்த்தனைச் சொல்லை என் சார்பில் ஒரு இயந்திரம் சொல்வதா? வாயால் சொல்லி, விரலால் அடித்தால்தான் கதவு திறந்த மாதிரி இருக்கும்.

ஏழு கடிதத்தில் ஒன்று மனதைப் பிசைந்தது. பெயரில்லை. "உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறேன். பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே நான் பாரம் என்று தெரிகிறது. சீக்கிரம் நடந்து என் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்." எந்த வீடோ. எப்படிப்பட்ட ஆட்களோ.

மார்ச் 6, வியாழன்

ஒன்பது பேரும் வந்தார்கள். அந்தக் கடிதத்தைச் சொன்னபோது டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் காலை நீட்டிப் படுத்திருந்த நாத்தனார் டிவி சத்தத்தைக் குறைத்தார். அவர் இவருடைய அக்கா. முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாக எங்களோடு இருக்கிறார். இத்தனை நாளில் எங்கள் பிரார்த்தனைக்காக அவர் சத்தம் குறைத்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வழக்கம்போல எல்லாருக்கும் ஒரு வரிப் பதில். அவளுக்கு: "உங்கள் வீட்டாருக்கு நல்ல மனம் வர வேண்டினோம்."

மார்ச் 9, ஞாயிறு

கணக்கு இடிக்கிறது.

நேற்று இரவு எழுதியது: திறக்காதது நாலு. இன்று காலை மூன்று. திறக்காத கடிதம் தடித்த எழுத்தில் இருக்கும், திறந்துவிட்டால் மெலிந்துவிடும். ஒன்று மெலிந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

படித்துப் பார்த்தேன். கணவனுக்குக்கூடத் தெரியாமல் ஒரு பெண் எழுதியது. யாரோ படித்துவிட்டார்களே. என் வாக்கு என்ன ஆவது?

மார்ச் 10, திங்கள்

அடுப்பை அணைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டர் பகுதியைப் பார்க்கும் அம்மா பொறுமைசாலி. "வீட்டு கம்ப்யூட்டருக்குப் பூட்டு இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. எல்லாரும் தொடுவோம்."

"அப்ப பிரவுசர்ல வெச்சது நடுக்கூடத்துல வெச்ச மாதிரி. முதல்ல கம்ப்யூட்டருக்கு ஒரு பின் நம்பர் போடுங்க. அப்புறம் ஆளுக்கொரு தனிக் கணக்கு. கண் படத்தைத் தொட்டா அந்த நம்பரைக் கேக்கிற மாதிரி மாத்துங்க. ஒரே சொல்லை எத்தனை இடத்துல வெச்சிருக்கீங்க?"

"எல்லா இடத்துலயும்" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபடி செய்தேன். பிரவுசரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அழுத்தினேன். என் சொல் வெளியே கசிந்த பட்டியல்களில் இருக்கிறதாம். அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்ககிட்ட இருந்துதான் போச்சுன்னு இல்லைங்க. வேற யாரோ இதே சொல்லை வெச்சிருந்து, அது களவு போயிருக்கலாம்" என்றார்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு யாரோ. முகம் தெரியாத ஒருவர், எனக்குத் தெரியாத ஒரு வாசலில் நின்று, இதே சொல்லைச் சொல்லிக் கதவைத் திறந்திருக்கிறார். ஒருவரா, ஆயிரம் பேரா? பயம் பாதி. மீதியை என்னவென்று சொல்வது, மெய் சிலிர்த்துப்போனது.

ஆனாலும் மாற்றத்தான் வேண்டும். மெயிலுக்குப் புதிதாக நீளமான ஒரு பிரார்த்தனை வரி, முழுசாக. பிரவுசரில் சேமிக்கவில்லை. அது கேட்டது, வேண்டாம் என்றேன். மற்ற முப்பதுக்கும் தனித்தனியாக, வாரம் பத்தாக மாற்ற வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

பிரார்த்தனை ஆயிற்று. மனம் ஒட்டவில்லை. கடிதம் மெலிந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதும் பொய்தானே?

மார்ச் 15, சனி

மறுபடியும். இரண்டு கடிதம்.

எல்லாவற்றையும் பூட்டினேனே. எதை விட்டேன்?

மெயிலில் ஒரு அறிவிப்பு வந்து கிடந்தது. காலை பத்தே முக்காலுக்கு ஒரு போனிலிருந்து உள்ளே வந்திருக்கிறார்களாம். போன் எந்த கம்பெனி, எந்த மாடல் என்றுகூடப் போட்டிருந்தது. அந்த நேரத்தில் நான் கடையில் இருந்தேன். அந்த மாடல் போன் இந்த வீட்டில் ஒன்றுதான். இவர் தன் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது.

இன்று எதுவும் கேட்கமாட்டேன். கேட்டால் வார்த்தை தடித்துவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். இவர் வெளியே போயிருந்தார். போய்க் கட்டிலோரம் நின்றேன்.

"அக்கா, என் மெயிலைத் திறந்தீங்களா?"

மறுக்கவில்லை. "திறந்தேன்" என்றார். "முதல் தடவை உன் கம்ப்யூட்டர்ல. தானா பாஸ்வேர்டு நிரப்பிக் குடுத்துச்சு. ரெண்டாவது தடவை என் போன்ல."

"புதுசு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"யார்கிட்டயும் சொல்லலையா?" ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். "தினமும் சத்தமா சொல்லிக்கிட்டேதானேடி அடிக்கிறே. பழசாவது சின்னது. புதுசு மனப்பாடம் ஆக எனக்கு ரெண்டு நாள் ஆச்சு."

முப்பது வருடம் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். யாராவது சொல்லச் சொல்ல அடிப்பதுதானே அவருடைய தொழில். நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். பிரவுசரைப் பூட்டினேன், கம்ப்யூட்டரைப் பூட்டினேன். என் வாயைப் பூட்டவில்லை.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் எழுதினதை நீ கண்டுபிடிச்சிட்டியோன்னு பயம். அழிச்சிடலாம்னு போனேன். கை தவறி மேல இருந்ததைத் தொட்டுட்டேன். படிச்சப்புறம் விட முடியலை. அந்தப் பொண்ணு மறுபடி எழுதியிருக்காளான்னு பார்க்கத்தான் ரெண்டாவது தடவை போனேன். எனக்கு மட்டும்தான் கஷ்டம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க எழுதினதா? எது?"

போனை எடுத்து நீட்டினார். நான் அனுப்பிய வரி. உங்கள் வீட்டாருக்கு நல்ல மனம் வர வேண்டினோம்.

"வந்துச்சா?" என்றார்.

மார்ச் 17, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எந்த வீடோ என்று எழுதினேனே. இந்த வீடு. இந்தச் சமையலறை. நான் பாத்திரம் வைக்கும் சத்தம். நடுவில் ஒரு சுவர். என்னிடம் சொல்ல முடியாததை அவர் கடவுளுக்கு எழுதியிருக்கிறார், அது நேராக என் கையில் வந்து விழுந்திருக்கிறது. ஒன்பது பேரைக் கூட்டி வைத்து, எனக்கு நல்ல மனம் வர நானே வேண்டியிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கடவுளுடைய வேலைக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டர் அதிசயமெல்லாம் எந்த மூலைக்கு?

இன்று டீ டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தேன். கவனித்தார். "ஆறலையே" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

ஒன்பது பேரிடமும் சொன்னேன். யார் படித்தது என்று சொல்லவில்லை, என் அஜாக்கிரதை என்று மட்டும். வேறு யாராவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். டீச்சரம்மா, "எழுதினவங்க மூணு பேருக்கும் முதல்ல சொல்லு. நீ இருக்கணுமா போகணுமான்னு அவங்க சொல்லட்டும்" என்றார்.

நியாயம். மூன்று பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

மார்ச் 24, திங்கள்

ஒருத்தி: பரவாயில்லைம்மா, கூட ஒரு ஆள் வேண்டிக்கொண்டதாக இருக்கட்டும்.
இன்னொருத்தி: இனி எழுதமாட்டேன்.
மூன்றாமவளிடமிருந்து பதில் இல்லை. கணவனுக்குத் தெரியாமல் எழுதிய அந்தப் பெண்தான். நாத்தனார் தினமும் கேட்கிறார், "வந்துச்சா?" என்று. கேள்வி இப்போது அவளைப் பற்றி.

ஏப்ரல் 2, புதன்

மெயிலோடு சேர்த்து முப்பத்தொன்றும் மாற்றி முடிந்தது. பிரார்த்தனைச் சொல் எதிலும் இல்லை. சம்பந்தமே இல்லாத எழுத்தும் எண்ணும், அடித்தால் நாக்கில் ஒட்டாதவை. மெயிலுக்கு மட்டும் போனுக்கு ஒரு எண்ணும் வரும், அதையும் அடித்தால்தான் திறக்கும். பிரார்த்தனையைப் பிரார்த்தனை நேரத்திலேயே சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

திறக்காதது ஆறு. நேற்று எழுதியது ஐந்து, இன்று புதிதாக வந்தது ஒன்று. கணக்குச் சரி.

காலையில் நாத்தனார் கைத்தடி இல்லாமல் கூடத்தைத் தாண்டி கம்ப்யூட்டர் மேசைவரைக்கும் நடந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குப் போகிறார். இன்னும் ஒரு மாதம் இருக்கலாமே என்றேன், மனதாரத்தான். "வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவேன். உங்க பிரார்த்தனைக்கு ஆள் குறையுதுல்ல?" என்றார்.

மெயிலைத் திறக்க உட்கார்ந்தேன். அவர் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

"இன்னும் முடியலையா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "முன்னாடி கேக்கவாவது நல்லா இருந்துச்சு."

திறந்தது. மேலே தடித்த எழுத்தில் அந்தப் பெண்ணின் கடிதம்.

"வந்திருக்குக்கா" என்றேன். "திரும்புங்க."

உடனே திரும்பவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று நான் காது கொடுக்கவில்லை.