தீவில் ஐந்து மணிக்கே பொழுது சாய்கிறது

டிச. 23, செவ்வாய்

பனி. காலை ஏழு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. மூட்டை கட்டும் வேலை.

எடுத்தாயிற்று: வேட்டி 4, சட்டை 5, மஃப்ளர், அல்சர் மாத்திரை, தண்ணீர் வடிகட்டும் துணி, டார்ச், இந்த நோட்டு. எடுக்க வேண்டியது: மூக்குக் கண்ணாடி. எங்கே வைத்தேன்?

எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்டால் "தீவு" என்கிறான் மகன் ஸ்ரீபால். அந்தமானில் ஏதோ ஒரு மூலை. பெயரை யாரிடமும் சொல்லக் கூடாதாம், கூட்டம் வந்துவிடுமாம். அங்கே என்ன இருக்கிறது என்றேன். "ஒண்ணுமே இல்லப்பா, அதான் விசேஷம்." ஒன்றும் இல்லாத இடத்துக்கு விமானம் ஏறிப் போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். மணல்தான் வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஆறு கமண்டல நாகநதியில் கிடக்கிறது. தண்ணீர்கூடக் குறுக்கே வராது.

உண்மைக் காரணம் வேறு. தை பிறந்ததும் ஆரணி வீட்டைப் பூட்டிவிட்டு நான் சென்னையில் அவர்களோடு போய் இருக்க வேண்டும். மனைவி ராஜமதி போய் இரண்டு வருஷம் ஆகிறது, தனியாக இருக்கக் கூடாது என்கிறான். "ஒரு வாரம் ஒண்ணா இருந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க." அதாவது பரீட்சை. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

இரவு 7.30 வழக்கம்போல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தனத்தின் இட்லிக் கடை. நாலு இட்லி. ஆடி மாசத்திலிருந்து எனக்கு மட்டும் காரச் சட்னி கிடையாது. பக்கத்து ஆள் தட்டில் சிவப்பாக இருக்கிறது. கேட்டால், "தீந்துபோச்சு நைனாரே." எரிச்சல்.

இந்த நோட்டில் மட்டும்தான் இதை எழுத முடியும். எங்கள் ஜைன வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை. எட்டு வயதிலிருந்து அப்படித்தான். நாற்பது வருஷம் பட்டுக் கடையில் நின்றேன். சாயங்காலம் கல்யாணக் கூட்டம் நெருக்கித் தள்ளினாலும் முதலாளி, "நைனாருக்குப் பொழுது சாயுது, விடுங்கய்யா" என்று சொல்லி அனுப்புவார். ஊரில் எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

ராஜமதி போன மூன்றாம் மாசம், அல்சருக்காக ஆஸ்பத்திரி போய் இருட்டின பிறகு வந்தேன். வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை. தனம் கடையில் ஆவி பறந்தது. உட்கார்ந்துவிட்டேன். அன்றையிலிருந்து தினமும்.

டிச. 25, வியாழன்

விமானம், பிறகு கப்பல், பிறகு ஒரு படகு. படகில் இரண்டு முறை வாந்தி. மருமகள் கவிதா தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புடவையிலும் கொஞ்சம் பட்டது, கடல் தண்ணீரை அள்ளிக் கழுவிக்கொண்டாள். பேத்தி மித்ரா, வயது ஏழு, "தாத்தா, இன்னும் வருமா?" என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீவு: தென்னை. மணல். ஆறு மூங்கில் குடில்கள். ஒரே ஒரு கடை, அதிலும் பிஸ்கட்டும் சோப்பும்தான். படகுத்துறையில் மட்டும் செல்போன் பேசலாம். சமையல்காரர் வங்காளி. எனக்குத் தெரிந்த கடைத்தெரு ஹிந்தியை வைத்து, மீன் பட்ட பாத்திரம் வேண்டாம் என்று புரியவைத்தேன். நல்ல மனிதர், புதுச் சட்டி எடுத்துக் காட்டினார். கடல் நீலம், பச்சை எல்லாம் சரிதான். பத்து நிமிஷம் பார்த்தேன். பிறகு என்ன செய்வது?

சாயங்காலம் நடந்ததை எழுத வேண்டும்.

கைக்கடிகாரத்தில் 4.45. சாப்பாடு தயார் என்று ஸ்ரீபால் வந்தான். "சாப்டுட்லாமாப்பா?" ஆரணியில் இந்த மாசம் ஐந்தே முக்காலுக்குத்தான் சூரியன் இறங்கும். "இன்னும் ஒரு மணி நேரம் கீதுடா. உப்பு பிசுபிசுங்குது, குளிச்சிட்டு வரேன்." குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. துவைத்துக் குளித்து வெளியே வந்தால் கண் தெரியவில்லை. ஐந்து இருபதுக்கே இருட்டு. இந்தத் தீவு அவ்வளவு கிழக்கே இருக்கிறதாம். கடிகாரம் மட்டும் நம்முடையது, சூரியன் இவர்களுடையது.

விளக்கு. மேசையில் சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல். மூன்று பேரும் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு வேணாம். நீங்க சாப்டுங்க."

கவிதா எழுந்துவிட்டாள். "நீங்க பட்டினி இருக்க நாங்க எப்படி மாமா?"

ஸ்ரீபால் என்னைப் பார்த்தான், கொஞ்ச நேரம். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பரவால்ல, போடு" என்றால் முடிந்தது. தினமும் தின்கிறவன்தானே நான். எழுந்து என் குடிலுக்கு வந்துவிட்டேன்.

இப்போது மணி எட்டு. வயிறு கடிகாரம் தப்பாமல் கூவுகிறது. பக்கத்துக் குடிலில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம். "மெதுவா தின்னு, தாத்தாவுக்குக் கேக்கும்" என்கிறாள் கவிதா. கேட்டது.

டிச. 26, வெள்ளி

வெயில். இன்றையிலிருந்து சாப்பாடு மாலை 4.15. சமையல்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மத்தியானச் சோறு இன்னும் இறங்கவில்லை, அதற்குள் அடுத்தது. மித்ரா இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடிப் போனாள். யாரும் வற்புறுத்தவில்லை.

இருட்டின பிறகு கரையெல்லாம் சங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிற குட்டி நண்டுகள். ஆயிரக்கணக்கில். கால் வைக்கப் பயம். டார்ச் அடித்து அடித்து நடந்தேன். மித்ரா பின்னாலேயே வந்தாள்.

"தாத்தா, நண்ட மிதிக்கக் கூடாதா?"

"கூடாதும்மா. அதுக்கும் உயிர் கீது."

"பட்டுப்பூச்சிக்கு? எங்க மிஸ் சொன்னாங்க, கொதிக்கிற தண்ணில போட்டுத்தான் நூல் எடுப்பாங்களாம். நீங்க அந்தக் கடையிலதான இருந்தீங்க?"

"மித்ரா! இங்க வா!" என்று கவிதா கத்தினாள்.

குழந்தை கேட்டதில் என்ன தப்பு? நாற்பது வருஷம், எத்தனை ஆயிரம் புடவையை விரித்துக் காட்டியிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை உயிர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஐந்தரைக்கு டிபன் கேரியரைத் திறந்தால் எல்லாம் கழுவிப் போய்விடும் என்று இருந்தேன். இப்போது அதையும் விட்டாயிற்று. மிச்சம் என்ன இருக்கிறது, இந்த நண்டுகள்தான்.

கொசு. மாத்திரை போட மறந்தேன்.

டிச. 27, சனி

காற்று. படகுகள் இல்லை.

காலை தனியாகப் படகுத்துறைப் பக்கம் போனேன். கவிதா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். நின்றேன்.

"நாலு மணிக்கே சாப்பாடும்மா... ஏழு மணிக்கெல்லாம் கொழந்த பசிக்குதுன்னு அழுவுது... இங்க நாலு நாள், ஓட்டிடலாம். தையிலர்ந்து வீட்ல? நான் ஆபீஸ் விட்டு வர்றதே ஏழரை. வேலைய விட்டுடலாமான்னுகூட யோசிக்கிறேன்."

அந்தப் பக்கம் அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"அப்டி சொல்லாதம்மா. அந்த மனுஷன் அறுபது வருஷமா விடாம கடைப்பிடிச்சிகினு வர்றாரு. வயசான காலத்துல என்னால கெட்டுதுன்னு இருக்கக் கூடாது. வாக்குக் குடுத்துதான கட்டிக்கினேன்?"

நண்டு மேல் கால் படாமல் மெதுவாகத் திரும்பி வந்தேன்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழவன் உயிரை எடுக்கிறான் என்று சொல்லியிருந்தால் எனக்கும் கோபப்பட வசதி.

வாக்கு விஷயம். கவிதா எங்கள் ஜைனக் குடும்பத்துப் பெண் இல்லை. ஸ்ரீபால் கூட வேலை பார்த்தவள். எட்டு மாசம் கல்யாணத்துக்கு நான் மசியவில்லை. ராஜமதி அழுது பார்த்தாள். கடைசியில் அந்தப் பெண்ணை ஆரணிக்கு வரவழைத்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நான் இருக்கிற வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒருவரும் சாப்பிடக் கூடாது. "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க"வை ஒன்பது வருஷமாகக் காப்பாற்றுகிறாள். நிபந்தனை போட்டவன் பேருந்து நிலையத்தில் இட்லி தின்கிறான்.

வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

டிச. 28, ஞாயிறு

காற்று நின்றது. கடல் தட்டு மாதிரி கிடக்கிறது.

முடிவு செய்தேன்: இன்று ஸ்ரீபாலிடம் சொல்லிவிடுவது. அவன் மூலமாக அவளுக்கு. நேராக அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

நாலே கால் சாப்பாடு முடிந்ததும் அவனைக் கரையில் நடக்கக் கூப்பிட்டேன். இரண்டு முறை கடைசிவரை போய்த் திரும்பினோம். தென்னை மரம் பற்றிப் பேசினேன். தண்ணீரின் ருசி பற்றிப் பேசினேன். சூரியன் கடலைத் தொட்டுவிட்டது.

"ஸ்ரீபாலு, ஒண்ணு சொல்லணும்."

நின்றுவிட்டான். "சொல்லுங்கப்பா."

அவன் நின்ற விதம் ஒரு மாதிரி இருந்தது. இந்த வார்த்தைக்காகவே வந்தவன் போல முழுசாக என் பக்கம் திரும்பி நின்றான். அதைப் பார்த்ததும் பேச்சை மாற்றினேன்.

"தைக்கு நான் வரல. ஆரணியிலயே இருந்துக்கறேன்."

"வேற ஒண்ணும் இல்லையாப்பா?"

"வேற இன்னா கீது?"

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரிப்பா. உங்களுக்கு எது சௌகரியமோ."

அவ்வளவுதான். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை, வாங்கப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. தலைமேல் இருந்த மூட்டை இறங்கியது போல இருந்திருக்கும் அவனுக்கு. இருக்கட்டும். நானும் அதைத்தானே செய்தேன், மூட்டையை இறக்கி வைத்தேன். ஆனாலும் பெற்ற பிள்ளை ஒருமுறை வற்புறுத்தியிருக்கலாம்.

கவிதாவிடம் சொல்லியிருக்கிறான் போல. விளக்கு வைத்த பிறகு என் குடில் வாசலுக்கு வந்தாள். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா மாமா?" இல்லை என்றேன். நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

டிச. 30, செவ்வாய்

திரும்புகிற வழி. படகில் வாந்தி இல்லை. மித்ரா என் சட்டைப்பையில் ஒரு சங்கு போட்டாள். "உள்ள நண்டு இல்ல தாத்தா, பாத்துட்டேன்." சென்னையில் இறங்கி, வீட்டுக்கு வரச் சொன்னதைக் கேட்காமல் நேராக ஆரணி பஸ். ஸ்ரீபால் ஜன்னல் பக்கம் நின்று மாத்திரையை மறக்காதீர்கள் என்றான். பஸ் எடுக்கும்வரை நின்றான். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். அல்சர் வலி.

டிச. 31, புதன்

பனி. வீட்டில் பால் திரிந்து நாற்றம். கழுவினேன். மூக்குக் கண்ணாடி கிடைத்தது, அரிசி டப்பாவில்.

7.30 தனம் கடை. கூட்டம் இல்லை.

"இன்னா நைனாரே, ஒரு வாரமா ஆளக் காணோம்? புள்ள வூட்டுக்கே போயிட்டீங்களோன்னு பாத்தேன்."

"கூப்டான். வரலன்னு சொல்லிட்டேன்."

கரண்டியை வைத்துவிட்டாள். "இன்னாத்துக்கு வரலன்னீங்க? அந்த மாதிரி புள்ள யாருக்குக் கெடைக்கும்?"

"உனக்கு என் புள்ளையத் தெரியுமா?"

தனம் துணியால் கையைத் துடைத்தாள், பிறகு மறுபடியும் துடைத்தாள்.

"சொல்லக் கூடாதுன்னாரு. பரவால்ல, சொல்றேன். ஆடி மாசம் வந்தாரே, நீங்க இங்க குந்தி சாப்டுகினு இருந்தப்ப எதிர்ல டீக்கடையில நின்னுகினு இருந்தாரு. நீங்க எழுந்து போனப்புறம் வந்தாரு. 'அப்பாவுக்கு அல்சர்மா, காரச் சட்னி மட்டும் குடுக்காதீங்க. நான் பாத்தது அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா இங்கயும் வராம பட்டினி கெடப்பாரு'ன்னாரு. மாசா மாசம் போன் பண்ணுவாரு, ஒழுங்கா வர்றாரான்னு."

ஆடியிலிருந்து. ஐந்து மாசம்.

அப்படியென்றால் அன்றைக்குத் தீவில் விளக்கு வெளிச்சத்தில் என்னைப் பார்த்தானே. எல்லாம் தெரிந்தேதான் பார்த்தான். தெரிந்தேதான் சோற்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். பெண்டாட்டி பட்டினி, குழந்தை பட்டினி, அவன் பட்டினி. நான் சொல்கிறேனா என்று பார்த்தான். கரையிலும் அதற்குத்தான் நின்றான்.

"ஆறிப்போவுது, சாப்டுங்க" என்றாள் தனம்.

காரச் சட்னி போடு என்றேன். சத்தமாகவே கேட்டேன். போடவில்லை.