பெயர் செதுக்காத கல்

அனுப்புநர்
வெர்டி ஸ்டாம்பர் (வயது 59),
க/பெ. ஆன்சல் ஸ்டாம்பர் (காலமானார்),
பக்ஹார்ன் ஓடைக்கரை,
கார்வெல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தெரான் பிளெட்சோ அவர்கள்,
மாநில நீர்த்தேக்க ஆணையர்
(முன்னாள் வழக்கறிஞர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்).

பொருள்: அணை நீரில் மூழ்கவிருக்கும் என் மகள் டெசியின் கல்லறையை மேட்டுக்கு மாற்றித் தரத் தங்கள் அலுவலகம் மறுத்தது – புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏப்ரல் 15 அன்று அணையின் மதகுகளை மூடப்போவதாக அறிவிப்பு வந்துள்ளது. என் கணவரின் பெட்டியைச் சென்ற வாரம் தோண்டி மேட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவர் பக்கத்தில் கிடக்கும் நான்கு வயது மகளை விட்டுவிட்டார்கள். அவர் கல்லில் பெயர் உண்டு. அவள் தலைமாட்டில் இருப்பது வெறும் ஓடைக்கல். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு அதுதான் வழக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல.

2. தங்கள் எழுத்தர் திரு. கிரிக்ஸ்பி, "கல்லுல பேரே இல்லையேம்மா. கீழ புள்ள இருக்குன்னு நாங்க எப்படி நம்புறது?" என்றார். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது! பெயரில்லாத கல்லறைக்கு, அடக்கத்தை நேரில் கண்ட இருவர் பிரமாணப் பத்திரம் தரவேண்டுமாம். அது தாங்கள் சட்டமன்றத்தில் இருந்தபோது தாங்களே எழுதிக் கொண்டுவந்த சட்டமாம்.

3. 1919 ஜனவரியில், மரக் கம்பெனியோடு எங்களுக்கிருந்த நில வழக்கு விஷயமாக வந்தீர்கள். பனியில் வழி அடைபட்டு எங்கள் வீட்டில் ஆறு நாள் தங்கினீர்கள். மூன்றாம் நாள் டெசி விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அதே காய்ச்சலில் அக்கம்பக்கத்தில் எழுந்து நிற்க ஒருவருக்கும் தெம்பில்லை. பெட்டியின் ஒரு முனையை ஆன்சல் பிடித்தார். மறுமுனையைப் பிடித்தவர் தாங்கள். போதகரும் நானும் பின்னால் நடந்தோம். பிறகு அந்த வழக்கையும் வென்று கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

4. அடுத்துத் தேர்தலில் நின்றீர்கள். நீதிமன்றத் திடலில் மேடையேறி, "இந்தக் கையாலதான்யா அந்தப் பிஞ்சோட பெட்டிய தூக்குனேன்! ஏழை வீட்டுத் துக்கம் எனக்கா தெரியாது?" என்று கையை உயர்த்திக் காட்டினீர்கள். கூட்டம் அழுதது. எனக்கு வயிறு எரிந்தது. ஆன்சல்தான், "விடு வெர்டி, நம்ம புள்ள பேரால நாலு பேருக்கு நல்லது நடந்தா நடக்கட்டும்" என்று என்னை அடக்கினார். ஆறு தேர்தலிலும் அதே கதை, ஆறிலும் வெற்றி. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று சும்மாவா சொன்னார்கள்?

5. ஆன்சலும் போதகரும் இறந்துவிட்டனர். அடக்கத்தைக் கண்டவர்களில் உயிரோடிருப்பது நானும் தாங்களும் மட்டுமே. இதைச் சொல்லி இந்த ஆண்டு ஜனவரியில் தங்களுக்கு எழுதினேன். 'அப்படியொரு அடக்கம் ஆணையர் அவர்களுக்கு நினைவில்லை' என்று தட்டச்சில் பதில் வந்தது. ஓட்டுக் கேட்கும்போதெல்லாம் நினைவிருந்தது ஐயா.

6. என் பிரமாணப் பத்திரத்தை இணைத்துள்ளேன். தங்கள் பெயரிட்ட இன்னொன்றும் உள்ளது, கையெழுத்துதான் போடவேண்டும். மனமில்லையென்றால், மேடையில் சொன்னதெல்லாம் பொய் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே திடலில் நின்று நானே அதை ஊருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இரண்டும் வராவிட்டால் ஏப்ரல் 14 காலையில் மண்வெட்டியோடு நானே போகிறேன். பெட்டியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். மறுமுனையை யார் பிடிப்பது என்று மட்டும் தெரிவிக்குமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பக்ஹார்ன் ஓடைக்கரை
நாள்: 23 மார்ச் 1953

இப்படிக்கு,
டெசியின் தாய்
வெர்டி ஸ்டாம்பர்